ஆடி பிறப்பதற்கு முன்

கண்மாய்க் கரையின் அந்தக் கோடியில் அத்தான் நிற்க, இந்தக் கோடியிலிருந்து நான் என் ரிப்பன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சிவப்பா, பச்சையா, ஊதாவா என்று அவர் கத்திச் சொல்ல வேண்டும். விமானம் ஓட்டப் போகிறவருக்கு நிறம் தடுமாறக் கூடாதாம். அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் இருந்தவர், அங்கே வந்து பேசிய விமானப்படை அதிகாரி ஒருவரைக் கேட்டுவிட்டு, பைலட் ஆபீசராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் என் அத்தை மகன். அவருக்கு நான்தான் என்று சின்ன வயதிலேயே இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் குறையும் இல்லை.

படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்த எனக்குப் பத்தொன்பது வயது. எதைக் கண்டாலும் கேள்வி. திருச்சிப் பக்கம் போகும் விமானம் நார்த்தாமலைக்கு மேலே புள்ளியாகத் தெரிந்தால், மறைகிற வரைக்கும் அண்ணாந்து நிற்பேன். அடுப்பில் சோறு குழைந்துபோகும். அத்தான் வந்தால் துளைத்தெடுப்பேன். மேகத்துக்குள்ளே போனால் சட்டை நனையுமா? மேலேயிருந்து நம் கண்மாய் தெரியுமா? இருட்டில் வழி எப்படிப் பிடிப்பார்கள்? அவர், "போயிட்டு வந்து சொல்றேன் புள்ள" என்பார்.

கல்யாணமாகாத பையன்களைத்தான் படையில் எடுப்பார்கள் என்பது எப்படியோ அத்தையின் காதில் விழுந்துவிட்டது. ஒரே மகன். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. ஆனி மாதம் முடிகிற நேரம். ஆடியில்தான் அத்தானைத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. ஆகவே மிச்சமிருந்த ஒரே முகூர்த்தத்தில், குடுமியான்மலைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடுவது என்று முடிவு செய்து, முந்தின நாள் காலையிலேயே பரிசத் தட்டோடு எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டார். "இவன் தாலியக் கட்டிட்டா அப்பறம் எந்தப் படைக்காரன் கூப்பிடுறான்னு பாத்துருவோம்" என்றார். அத்தான் வண்டியோரமாக, நேர்ந்துவிட்ட கிடாயைப் போல நின்றார். தாய்க்கு எதிரே வாய் திறக்காத பிள்ளை.

எனக்கு அவரைப் பிடிக்கும். தட்டைப் பார்த்ததும் உள்ளூரச் சந்தோஷம்கூட வந்தது. ஆனால் என்னை வைத்து அவரைக் கட்டிப்போடப் பார்க்கிறார்களே என்பது உறுத்தியது. அவர் போய்விட்டால் எனக்கு இல்லாமல் போகலாம். கட்டிப்போட்டாலோ, காலம் முழுக்க என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஆகாயம்தான் ஞாபகம் வரும். பெண் பிள்ளை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அப்போது இல்லை. நானும் சொல்லவில்லை. பேசாமல் கொல்லைக்குப் போய், மாட்டுக்கொட்டகையோரம் தனியாக உட்கார்ந்துகொண்டு, "நான் வீட்டுக்குத் தூரம்" என்றேன். அவ்வளவுதான். தூரமான பெண்ணுக்குப் பூ வைக்க முடியாது, கோயில் வாசலையும் மிதிக்க முடியாது. அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். போன வாரம்தான் நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்பது என் ஆத்தாவுக்குத் தெரியாதா என்ன? பாயும் செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தவள், "சொன்னது சொல்லிட்ட, மூணு நாளைக்கி எந்திரிச்சு வந்துறாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்தது. இனி அத்தானைத் தடுக்க ஆளில்லை. தேர்வுக்கு ரயிலேற வேண்டிய அன்று அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியைக் காணோம்.

"ரயிலுக்குப் போகலையா?"

"போகலை. ஆத்தா மறிச்சவரைக்கும் போயே தீரணும்னு இருந்துச்சு. மறிக்க ஆளில்லைனதும் உக்காந்து யோசிச்சேன். கையெழுத்துப் போட்டா வருஷக்கணக்கா அவங்க ஆளு. நடுவுல வேணாம்னு வர முடியாது. அம்புட்டு ஆசை எனக்கு இருக்கான்னு பாத்தேன். சட்டையும் தொப்பியும்தான் ஆசையா இருந்துச்சு புள்ள."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொட்டகையோரம் கொசுக்கடியில் கிடந்தது இதற்குத்தானா? "மேலேருந்து எப்படி இருக்குன்னு பாக்கவாச்சும் போயிருக்கலாமுல்ல!" என்று கத்தினேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "நீ கேட்டதுல ஒரு கேள்விகூட எனக்குத் தோணுனதில்ல. போயிருக்க வேண்டியவ நீதான். ஒன்னய எடுக்க மாட்டாங்களே."

ஆவணியில் தட்டு மறுபடி வந்தது. நானே எழுந்து முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டேன். தாத்தாவை ஏன் கட்டிக்கிட்டீங்க என்று பேத்திகள் இப்போது கேட்டால், முறைமாப்பிள்ளை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. ஒரு பெண்ணுக்கு அப்படியோர் ஆசை இருக்கக்கூடும் என்று எங்கள் ஊரில் நினைத்தவர் அவர் ஒருவர்தான். எனக்கே அது ஆசை என்று தெரியாது, வேடிக்கை பார்ப்பதாகத்தான் எண்ணியிருந்தேன். அன்று அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போன பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அத்தானுக்காக இல்லை.