குளிர் விடாத பெட்டி

தடுப்பூசி எடுத்துப்போவதைப் போன்ற நீல ஐஸ் பெட்டி அது. பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறினால், துடியலூரில் மாறி சரவணம்பட்டி வந்து சேரும்வரை அக்கா அதை மடியிலிருந்து இறக்கமாட்டார். "மீனுங்களாம்மா?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டிருக்கிறார். உள்ளே காற்றுப் புகாத ஒரு டப்பா, அதற்குள் சின்னச் சின்னக் கண்ணாடித் தகடுகள், ஒவ்வொன்றின் மேலும் முடியைவிட மெல்லிய கறுப்புப் படலம். வெயிலை மின்சாரமாக்கும் புதுப் பொருள் ஒன்றை அக்கா தன் கையால் செய்து பூசியது. சூடு ஆகாது. ஈரம் பட்டாலோ மஞ்சளாகிச் செத்துப்போகும். அதைச் செய்யும் வசதி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்லூரியில், அளக்கும் வசதி சரவணம்பட்டியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில். யார் போட்ட திட்டமோ, இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தோம், அவர் எனக்கு மூத்தவர், அவ்வளவுதான். அவருடைய அப்பா ஊரார் தோட்டங்களில் பண்ணைவேலை செய்தவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அக்கா. மைக்ரோவேவ் வைத்து அளக்கிறேன் என்றால் அப்பாவுக்கு அடுப்புதான் ஞாபகம் வரும். "அடுப்புல வெச்சுப் பாக்கறதுக்கா அம்மணி இத்தன வருசம்?" என்பாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அலை என்னவோ அதே வகை அலைதான், ஆனால் மிக மெலிதானது. ஒரு சிறிய உலோகக் கூட்டுக்குள் தகட்டை வைத்து அந்த அலையை அனுப்புவோம். லேசர் ஒளி கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு வெட்டு வெட்டும். படலத்துக்குள் கட்டுண்டு கிடந்த மின்னூட்டங்கள் விடுபட்டு ஓடும், ஓடும்போது அலையில் கொஞ்சத்தை விழுங்கும். திரும்பி வரும் அலை எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், அவை எவ்வளவு சுலபமாக நகர்கின்றன என்று கணக்கிடலாம். தகட்டை ஒரு கம்பிகூடத் தொட வேண்டாம். அந்தக் கணக்கு ஒன்றுதான் அக்காவின் ஆய்வேட்டில் பாக்கி.

ஒரே ஒரு விதி உண்டு. வந்ததும் டப்பாவைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தகட்டில் வெளிக்காற்று பட்டால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்ப்பது போலப் பனித்துவிடும். "குளிரு உடட்டும் கண்ணு, அர மணி நேரம் பேசாம உக்காரு" என்று எங்களை எல்லாம் உட்காரவைத்தவர் அக்காதான்.

ஆய்வேட்டை முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடிகிற வாரம் அது. லேசர் வெளியூரிலிருந்து, அதை இயக்கும் ஆளோடு இரவல் வந்தது, அன்று மாலை திரும்பிப் போகிறது. மாதக்கணக்கில் விரிசல் விட்டுக்கொண்டிருந்த படலம், அன்று காலையில்தான் ஒரு குறையுமில்லாமல் வந்திருந்தது. துடியலூரில் சாலை வேலை, மழை வேறு. நனைந்துபோய், பெட்டியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அக்கா ஓடிவந்தபோது, கீழே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கொஞ்ச நேரங்க. கால்ல வேணாலும் உளுகறனுங்க" என்றார் லேசர்காரரிடம். அதற்கு முன் அக்கா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அவர் நல்ல மனுஷர். "பதனஞ்சு நிமிசமுங்க மேடம். அதுக்கு மேல என் கைல இல்லீங்க."

அக்கா டப்பாவைப் பார்த்தார். "அக்கா, குளிரு..." என்றேன்.

"தெரியுங் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திறந்தார்.

தகடுகள் எல்லாம் ஆவி பட்ட மூக்குக்கண்ணாடி போல மங்கின. ஓரத்தில் மஞ்சள் பிடித்து உள்ளே பரவியது. இருந்தும் அக்கா ஒன்றை எடுத்துக் கூட்டுக்குள் வைத்தார். திரையில் கோடு அசையவில்லை. "இன்னொருக்காப் போடுங்க" என்றார். அடுத்த தகடு, அதற்கடுத்தது. நேரம் கடந்த பிறகும் லேசர்காரர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அக்காவின் ஆய்வுப் பதிவு ரத்தானது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தார். வேறொரு ஊரில், வேறொரு லேசரில், நான் அதே பொருளைச் செய்து பார்த்தேன். அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்து, குளிர் விட்ட பிறகு வைத்தேன். கோடு துள்ளி எழுந்தது. சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

போன மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் அக்காவைப் பார்த்தேன். அப்பாவோடு வந்திருந்தார். அப்பா கை கழுவ எழுந்து போனதும் அக்கா என் பக்கம் குனிந்தார்.

"அத அப்பறம் செஞ்சு பாத்தியா கண்ணு?"

"பாத்தனுங்க்கா."

"வந்துச்சா?"

நாக்கு நுனி வரை ஒரு பொய் வந்தது. அக்காவிடம் அது செல்லாது. "வந்துச்சுங்க்கா. நாம நெனச்சதவிட நல்லாவே வந்துச்சுங்க."

அக்கா தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். துண்டால் கையைத் துடைத்தபடி அப்பா திரும்பி வருவது தெரிந்ததும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத. அந்தப் பொருளே சரியில்லைன்னுதான் ஊட்டுல சொல்லி வெச்சிருக்கறேன்."