உள்ளறைத் தட்டு

எங்கள் வீட்டில் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைக்க மறந்தால் மறுநாள் காலை அதில் விரலால் பேர் எழுதலாம். வெள்ளையென்றும் சொல்ல முடியாது, சாம்பல் நிறமென்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு தூசி. துடைத்தால் போகும், அரை நாளில் திரும்ப வரும். அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில், பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் எங்கள் வீடு. வாசலை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். தூசி எங்கிருந்து வருகிறதென்று கேட்டால் இந்தப் பக்கத்தில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

என் மனைவிக்கு இருமல் வந்து இரண்டு மழைக்காலம் ஆகியும் நிற்கவில்லை. நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விடியுமுன் கிளம்பினால் ராத்திரிதான் வீடு. அதனால் எனக்கு அவள் இருமல் என்பது சாப்பாடு போடும்போது கேட்கிற சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தை அடிபம்புக்கும் வாசலுக்கும் நடுவே இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே கவிழ்ந்து நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் பெரம்பலூருக்கு அழைத்துப் போனேன்.

அங்கே டாக்டரம்மா நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மில்லுல வேலை பாக்குறாங்களா? கல் உடைக்கிற வேலை?" என்று கேட்டார்.

"வூட்டுலதாங்க இருக்கா" என்றேன்.

"அப்ப தூசி வீட்டுக்குள்ளதான் எங்கேயோ இருக்கு. எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அத நிறுத்தாம நான் மருந்து கொடுத்து பிரயோசனமில்ல." மூச்சுக்கு இழுக்கிற மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எதிரி வாசலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறான். அடுத்த நாளே சாலை நடுவில் போய் நின்று, தார்ப்பாய் மூடாமல் வந்த லாரியை மறித்தேன். டிரைவர் சேலத்துப் பக்கத்து ஆள். பொறுமையாக இறங்கி வந்து, "அண்ணே, நான் மூடுனா பின்னால வர்றவன் மூடுவானா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். அவர் கிளப்பிய தூசியைத் தின்றுகொண்டு நான் நின்றேன். பிறகு மனு எழுதினேன். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். கடைசியில் ஒரு அதிகாரி வந்து எங்கள் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். சாலையில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். தண்ணீர் வண்டி நான்கு நாள் வந்தது. ஐந்தாம் நாள் வராததற்கும் நான் மனு எழுதினேன்.

சாலை அடங்காதென்று தெரிந்ததும் வீட்டை அடைக்கத் தொடங்கினேன். முன் ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். கதவின் அடியில் பழைய டயர் ட்யூபை வெட்டி ஆணி வைத்தேன். சித்திரை வெயிலில் வீடு வெந்தது. அவள் இருமல் மட்டும் குறையவில்லை.

அப்போதுதான் தட்டு வைக்கிற யோசனை வந்தது. நான்கு எவர்சில்வர் தட்டுகளில் விளக்கெண்ணெய் தடவி, முன்கூடத்து ஜன்னலடியில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று, பின்வாசலில் ஒன்று, நாங்கள் படுக்கிற உள்ளறையில் ஒன்று என்று வைத்தேன். எண்ணெயில் விழுந்த தூசி எங்கும் ஓடாதல்லவா. எந்தத் தட்டில் அதிகமோ அந்த வழியாக வருகிறது என்று அர்த்தம். முன்கூடத்துத் தட்டை அந்த அதிகாரியின் மேசையிலேயே கொண்டுபோய் வைக்கவேண்டுமென்று மனதுக்குள் வசனம்கூடத் தயார் செய்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் முன்கூடத்துத் தட்டில் லேசாகத்தான் படிந்திருந்தது. உள்ளறைத் தட்டில் எண்ணெயே தெரியவில்லை. விரலை வைத்தால் குழைந்தது.

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கதவ சாத்துன்னு எத்தன தடவ சொல்றது? நான் போனதும் தொறந்து போட்டுட்டுத் திரியிற. ஒனக்காகத்தான இந்தப் பாடு படுறேன்?" என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

அன்று எனக்கு ஓய்வு நாள். தட்டுகளைத் திரும்ப வைத்துவிட்டு, அவள் கதவைத் திறக்கிறாளா என்று காவல் இருப்பதற்காகவே உள்ளறையில் படுத்துக்கொண்டேன். இப்படியும் ஒரு மனிதன். பத்து மணி வாக்கில், சாக்கு எட்டாத ஓரத்துக் கூரையில் இருந்த கண்ணாடி ஓடு வழியாக வெயில் சரிந்து இறங்கியது. வெளியே ஒரு லாரி போயிற்று. தலைக்கு மேலே கட்டியிருந்த சாக்கு லேசாக அதிர்ந்தது. வெயிலுக்குள் மாவு சலிப்பதுபோலத் தூசி இறங்கியது. நிதானமாக, அவள் தலை வைக்கிற இடத்தில் இறங்கியது.

அந்தச் சாக்கைக் கட்டியவன் நான்.

ஓட்டு வீட்டில் மேலிருந்து தூசியும் பல்லி எச்சமும் விழாமலிருக்க, ஓட்டுக்கு அடியில் ஏதாவது விரித்துக் கட்டுவார்கள். மற்ற ஊர்களில் பழைய புடவை, விளம்பர பேனர். எங்கள் பக்கத்தில் சிமெண்ட் சாக்கு. காலி சிமெண்ட் சாக்கு இல்லாத வீடே இங்கே கிடையாது. நெல் கட்டுவோம், ஆட்டுக்குத் தழை கொண்டுவருவோம், கால் துடைக்கப் போடுவோம். ஆனால் எதற்கு எடுத்தாலும் முதலில் ஏரியில் அலசிக் காயவைத்துத்தான் எடுப்போம். ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கத்தில் வீடு கட்டினவர்களிடம் சாக்கு வாங்கி வந்தபோது, "அலசிட்டுக் கட்டிக்கலாம்" என்று அவளும் சொன்னாள். எனக்கு ஒரே நாள் லீவு. ஏரியில் தண்ணீர் இல்லை. "உதறினா போதும்" என்று சொல்லி, உதறி, கோணி ஊசியால் தைத்து உத்தரத்தில் கட்டினேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் ஒரு மாதிரி. சாக்கின் வெளிப்பக்கத்தில் கம்பெனிப் பேர் பெரிதாக அச்சடித்திருந்தது. பகலெல்லாம் அந்த லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் தூசி தின்றுவிட்டு, ராத்திரி அந்தப் பேருக்குக் கீழே படுப்பதா என்று எனக்கு வீம்பு. அத்தனை சாக்கையும் பிரித்து உள்வெளியாகத் திருப்பித் தைத்தேன். பேர் மேலே கூரை ஓட்டைப் பார்த்தது. சிமெண்ட் ஒட்டியிருந்த உள்பக்கம் எங்கள் படுக்கையைப் பார்த்தது. பிறகு ஓட்டிடுக்கில் வந்த தூசியெல்லாம் மேலே தேங்கி, பின்னலின் கண் வழியாகக் கீழே சலித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே படுத்திருந்தேன்தான். ஆனால் நான் அங்கே படுத்தது ஐந்து மணி நேரம். அவளுக்குச் சமைக்கிற, துவைக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த அறைதான். தையல் மிஷினும் அங்கேதான் கிடந்தது.

அவளைத் தா.பழூரில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாக்கை அவிழ்த்தேன். முதல் முடிச்சை அறுத்ததும் ஒரு பக்கம் தொங்கி, ஆறு வருடத் தூசியும் என் மேல் கொட்டியது. குளித்த பிறகும் இரண்டு நாள் கரகரவென்று எச்சில் துப்பினேன். சுவர், உத்தரம், தரை எல்லாவற்றையும் ஈரத்துணியால் நானே துடைத்தேன். தட்டு வைத்துப் பார்த்தேன். தூசி அப்போதும் இருந்தது. மற்ற அறைகளில் விழுகிற அளவுதான். இந்த ஊரில் இருக்கிறவரை அது இருக்கும்.

அவளை அழைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருமுன் பெரம்பலூர் போய் மறுபடி டாக்டரம்மாவைப் பார்த்தோம். நான் தனியாக உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "நல்லவேளை எடுத்துட்டீங்க. ஆனா உள்ள தழும்பானது தழும்பானதுதான். போனது திரும்பாதுங்க. இனிமே மோசமாகுறத கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்றார். எவ்வளவு தள்ளிப் போடலாம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளறையில் நின்று மேலே பார்த்தாள். வெறும் ஓடு தெரிந்தது. நான் பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். தூசி ரோட்டிலிருந்து மட்டும் வரவில்லை, என் சாக்கிலிருந்து வந்தது, என்னால்தான் உனக்கு இப்படி ஆயிற்று என்றேன்.

"தெரியும்ங்க" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"கட்டுன மறுமாசமே. பாய ஒதறுறவளுக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

மருந்தை வாயில் வைத்து இழுத்து, டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி மூச்சைப் பிடித்து நிறுத்தி, மெல்ல விட்டுவிட்டுச் சொன்னாள். "அலசிட்டுக் கட்டிக்கலாம்னு சொன்னதுக்கே அன்னைக்கு நீங்க தட்டத் தள்ளிட்டுச் சாப்பிடாம எந்திரிச்சிட்டீங்க. ரெண்டு நாளு பேசல. மறுபடி சொன்னா வூடு ரெண்டாயிரும். இருமல்தானன்னு இருந்துட்டேன்."

அன்று சாப்பிடாமல் எழுந்தது எனக்கு நினைவே இல்லை. ஆறு வருடமாக என் கோபத்துக்கு அந்தத் தூசியும், பிறகு வந்த இருமலும் தேவலை என்று அவள் இருந்திருக்கிறாள். அந்த நாலு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.