பொட்டு வைத்த ரம்பம்

ரம்பம் ஓடுகிற கொட்டகைக்குள் ஒரு குழந்தையை எந்த வயதில் விடலாம்? இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால், "நான் தவழும்போதே உளி பிடிச்சவன்" என்பார். அவரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு, அவரும் அவர் தம்பியும் மேஜை நாற்காலி செய்துவந்தார்கள். பட்டாளத்துக்குச் சாமான் பெட்டி செய்யும் வேலை வந்தபோது கையால் அறுத்து மாளவில்லை. மின்சார மோட்டாரில் ஓடும் ரம்ப மேஜை ஒன்றை வாங்கினார்கள். இரும்பு மேஜை, நடுவில் ஒரு நீளப் பிளவு. அதன் வழியாக வட்டமான பிளேடு தலை நீட்டும். பிளேடு மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

மேஜை வந்து இறங்கிய அன்றே அவர் சொல்லிவிட்டார்: "முதல் பலகையைப் பாப்பாதான் தள்ளணும். நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் பிறந்த சமயத்தில்தான் அவருக்கு முதல் பெரிய ஆர்டர் கிடைத்தது. அன்றிலிருந்து எந்தப் புது வேலைக்கும் அவள் கைதான் ராசி. வேண்டாம் என்றால் நல்ல காரியத்தைத் தடுத்தவள் ஆவேன். சரி என்றால்... அந்த நினைப்பை நான் முடித்ததே இல்லை.

மேஜையுடன் வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்வது என் வேலையாயிற்று. பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஆங்கிலத்தில் பூக்களும் ராஜகுமாரிகளும்தான் உண்டு. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிளேட்டின் நடுத்துளை, அதை மாட்டும் இரும்புத் தண்டின் கனத்துக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. நீளவாக்கில் அறுக்கப் பெரிய பல், குறுக்கே அறுக்கச் சின்னப் பல் என்றும் இருந்தது.

கொழுந்தனார் கண்டோன்மென்ட் கடையிலிருந்து முதலில் வாங்கி வந்த பிளேடு தண்டில் லொடலொடவென்று ஆடியது.

"தகரத்தைச் சுத்தி இறுக்கிடலாம் அண்ணி. ஜல்தி வேலை முடியும்."

"வேண்டாம் தம்பி. நடுவுல நிக்கலேன்னா உதறும்னு புக்ல போட்டிருக்கு."

"புக்கு எழுதினவன் நம்ம கொட்டகையைப் பாத்தானா?"

தண்டின் முனையில் மை தடவி, காகிதத்தில் ஒற்றி, ரவிக்கைக்கு அளவு வெட்டுவதுபோல் அந்த வட்டத்தைக் கத்தரித்துக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். கடைக்காரர் சிரித்தாராம். சிரித்தாலும், அந்தக் காகிதம் சரியாகப் பொருந்தும் துளையாகப் பார்த்து, பெரிய பல்லில் ஒன்றும் சின்னப் பல்லில் ஒன்றும் மாற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை. பெரிய பல் பிளேட்டைத் துடைத்து, தாம்பாளத்தில் வைத்து, ஓரமாகச் சந்தனமும் குங்குமமும் குழைத்து மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். கொழுந்தனார் அதைத் தண்டில் மாட்டும்போது, பொட்டு இருக்கும் முகம் நாங்கள் நிற்கும் பக்கம் தெரியும்படி வைத்தார். எல்லோருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பொட்டு வைத்த முகத்தை யாராவது சுவர்ப் பக்கம் திருப்புவார்களா?

எனக்கு மட்டும் பற்கள் ஒரு மாதிரி தெரிந்தன. புத்தகத்துப் படத்தில் இப்படி இல்லையே? ஒருவேளை படத்தை அந்தப் பக்கத்திலிருந்து வரைந்திருப்பார்களோ? இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மகளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏங்க, முதல் பலகையை நீங்க தள்ளுங்க. ரெண்டாவதுக்கு இவ வரட்டும்."

"முதல் பலகைதானேம்மா ராசி!"

"எனக்காக."

பூஜை நேரத்தில் பேஜார் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒத்துக்கொண்டார். நான் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். மோட்டார் உறுமியது. பொட்டுகள் ஒரே சிவப்பு வளையமாகச் சுழன்றன. பலகை பிளேட்டைத் தொட்டதும் புகை கிளம்பியது. அவர் இன்னும் அழுத்தினார். அப்போது அவருடைய வெள்ளைச் சட்டையின் மார்பில் சிவப்புத் துளிகளைப் பார்த்தேன்.

நான் போட்ட கூச்சலில் கொழுந்தனார் சுவிட்சை அணைத்துவிட்டார். மகள் வீறிட்டாள். வீட்டுக்காரர் தம் பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, "எல்லாம் இருக்கு, எண்ணிப் பாரு" என்றார். நான் எண்ணவும் செய்தேன். சட்டையில் தெறித்திருந்தது குங்குமம்.

"கண் பட்டுடுச்சு அண்ணா," என்றார் கொழுந்தனார். பலகை கருகியிருந்ததே தவிர அறுபடவில்லை.

பயந்து தீர்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "தம்பி, பல்லைப் பாருங்க. மரத்துக்கு முதுகைக் காட்டுது. இந்தப் பக்கம் பாத்து இறங்கணும்."

கொழுந்தனார் குனிந்து பார்த்தார். பிறகு அண்ணனும் தம்பியும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிளேட்டைத் திருப்பி மாட்டினார்கள். பொட்டு சுவர்ப் பக்கம் போயிற்று. "வெறும் நெத்தியோட ஓட்டறதா?" என்று கொழுந்தனார் இழுத்ததால், இந்த முகத்துக்கும் உலர்ந்த குங்குமத்தைத் தொட்டு வைத்தேன்.

"அப்போ இதுதான் முதல் பலகை," என்றார் அவர், மகளைப் பார்த்து. மோட்டார் ஓடுமுன்பே மகளின் உள்ளங்கையில் சந்தனம் பூசி, புதுப் பலகையின் ஒரு முனையில் பதிய வைத்தேன். "இவ கை பட்டாச்சு. இனி நீங்க தள்ளுங்க." என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் சிரித்தார். பலகை வெண்ணெய்போல் அறுபட்டது. கை பதிந்த துண்டைப் பெட்டிக்குப் போடாமல் எனக்கு அடுப்படி அலமாரித் தட்டாக அடித்துத் தந்தார்.

வினை அங்கேதான். மகளுக்கு இப்போது ஐந்து வயது. தட்டில் பதிந்த கையைக் காட்டி, "அது என் கை, அப்போ ரம்பமும் என்னுது" என்கிறாள். கொட்டகையில் மோட்டார் கேட்டதும் ஓடுகிறாள். கதவைத் தாழிட்டால் அவர் முகம் வாடுகிறது. திறந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தைச் சொல்லி வளர்த்தால் என்னைப்போல் ஆகிவிடுவாளோ என்றும் இருக்கிறது.

வீட்டோடு பட்டறை வைத்திருக்கும் சகோதரிகள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளை எப்போது உள்ளே விட்டீர்கள்? முதலில் எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள்? அவர்கள் உள்ளே இருக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?