நான் மடியில் ஊற்றிக்கொண்டது

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சவரியம்மா அக்கா. எங்கள் அன்பியத்துக்கு, அதாவது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் குழுவுக்கு, தலைவி. தையல் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் சின்னப்பன் அண்ணன். ரோஸி டீச்சர். மூன்றாம் வீட்டு ஸ்டெல்லா, கைக்குழந்தையோடு. பக்கத்து வீட்டுத் தனலட்சுமி. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் வந்து உட்காருவாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் நாத்தனார் பிலோமினா. என் வீட்டுக்காரர் அந்தோணி. நான், லூர்துமேரி.

வேறு யாரும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் தனலட்சுமி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஜெபம் என் வீட்டுக்காரருக்காக வைத்தது. அவர் அடுத்த திங்கள் குஜராத்துக்குக் கிளம்புவதாக இருந்தது. அங்கே செராமிக் கம்பெனிக்குச் சூளை வேலை தெரிந்த ஆள் எடுத்தார்கள். பையைக் கட்டி வைத்துவிட்டார். எப்போது திரும்புவார் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எந்த முகத்தோடு கேட்பது? அவர் சம்பளத்துக்காகப் போகவில்லை. என்னால் போகிறார். அது எனக்குத் தெரியும்.

எப்படி என்னால் என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது. சொல்கிறேன்.

சின்னவன் பிறந்தபோது பிரசவம் கஷ்டம். பிள்ளை பிழைத்தான், நானும் பிழைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு மூத்திரம் அடங்காது. எந்நேரமும் இல்லை. இருமினால் வரும். தும்மினால் வரும். கனம் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் வரும். முதலில் சொட்டு சொட்டாக வந்தது. போகப்போகப் பாவாடை நனைந்தது.

நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். அச்சில் மண் ஊற்றுகிற வேலை. களிமண்ணைப் பால் மாதிரி கரைத்து வைத்திருப்பார்கள். அதை மொண்டு பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். ஓரம் இறுகினதும் மிச்சத்தைக் கவிழ்க்க வேண்டும். பொம்மை, உண்டியல், அகல் எல்லாம் அப்படித்தான் வரும். அச்சு நல்ல கனம். காய்ந்த மண்ணின் தூசி தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். தூக்காமல் வேலை இல்லை, இருமாமல் நாள் இல்லை. என் உடம்புக்கு ஆகாதது எல்லாம் அங்கே இருந்தது.

முதல் தடவை நன்றாக நனைந்தபோது என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிரே ஆட்கள். கையில் மொண்ட மண் இருந்தது. அதை அப்படியே மடியில் ஊற்றிக்கொண்டேன். கை தவறினது மாதிரி.

யாரும் சந்தேகப்படவில்லை. மண் வேலை செய்கிறவள் மேல் மண் இருந்தால் யார் கேட்பார்கள்? மண்ணின் வாசம் மற்ற வாசத்தை மூடிவிட்டது. ஆண்டவர் வழி காட்டினார் என்றே நினைத்தேன். என் மடமை.

அதையே பழக்கமாக்கிக்கொண்டேன். நனைந்தால் மண். நனைந்தால் மண். கூட வேலை செய்கிற அஞ்சலை கேலி பேசுவாள்.

"ஏக்கா, மண்ணு ஊத்துறது அச்சுக்கா, ஒன் மடிக்கா? மொதலாளிக்குத் தெரிஞ்சா ஒன்னையும் சூளையில வெச்சி சுட்டு வித்துடுவாரு."

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கப் பயம். சிரித்தால் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அதனால் சிடுமூஞ்சி என்று பெயர் வந்தது.

மண் காய்ந்தால் சேலை அட்டை மாதிரி ஆகிவிடும். நடக்க நடக்க தொடையை அறுக்கும். புண் ஆனது. தேங்காயெண்ணெய் போட்டேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். குடித்தால்தானே வரும் என்று கணக்குப் போட்டேன். அது வேறு வினை ஆனது. நீர்க்கடுப்பு வந்தது. நெருப்பு மாதிரி எரியும். கோயிலுக்குப் போவதைக் குறைத்தேன். முழங்கால் போட்டு எழுந்திருக்கப் பயம். கல்யாணத்துக்குப் போவது இல்லை. பஸ்ஸில் உட்காருவது இல்லை. நின்றுகொண்டே வருவேன்.

வீட்டில் என் பாயை அடுப்படிக்கு மாற்றினேன்.

இதுதான் பெரிய வெட்கம். அவர் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் கேட்டார்.

"என்ன மேரி, அங்க படுக்குற?"

"சூடுங்க. இங்க காத்து வருது."

அடுப்படியில் ஜன்னல் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை, நானும் இல்லை. இரண்டு ஊமைகள் ஒரு வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? மாசக்கணக்கில் அப்படியே போனது. பிலோமினா அண்ணி ஒரு தடவை வந்து தங்கினார். பாயைப் பார்த்துவிட்டார்.

"என் தம்பி பக்கத்துல படுக்க ஒனக்கு என்னாடி கேடு? அவன் ஒடம்பு நாறுதா ஒனக்கு?"

நாறுவது யார் உடம்பு என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாசம் என் வீட்டுக்காரர் குஜராத் பேச்சை எடுத்தார்.

நான் ஜெபம் செய்தேன். செய்யாமல் இல்லை. என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, சுகம் கொடும்" என்று கேட்கவில்லை. "மாதாவே, யாருக்கும் தெரியாமல் மூடிவிடும்மா" என்றுதான் கேட்டேன். என் வீட்டுக்காரர் போகக் கூடாது என்று அழுவேன். அவருக்குத் தெரியவும் கூடாது என்று அழுவேன். இரண்டும் எப்படி நடக்கும்?

இப்போது அந்த ஜெப நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமை சாயந்திரம். தவக்காலம். டீ போட்டு சொம்பில் ஊற்றி மூடி என் பக்கத்தில் வைத்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று. சவரியம்மா அக்கா என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து ஜெபித்தார். போகிற இடத்தில் காப்பாற்றும், குடும்பத்தை மறக்காமல் திரும்பக் கொண்டுவாரும் என்றார். 'மறக்காமல்' என்றபோது எனக்கு அழுகை வந்தது. அதை விழுங்கினேன். விழுங்கினது இருமலாக வந்தது. நிற்கவே இல்லை.

நனைந்துவிட்டது. பாய் வரைக்கும்.

கை தானாகப் போனது. மண் இல்லை. சொம்பு இருந்தது. எடுத்து மடியில் ஊற்றிக்கொண்டேன்.

டீ சூடு. அது ஊற்றின பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அய்யோ" என்று எல்லாரும் எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரே ஓட்டமாகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தார். காலில் ஊற்றினார்.

"எந்திரி மேரி. சேலைய மாத்து. எந்திரி."

"வேணாங்க."

"வெந்துடும்டி. எந்திரி."

"மாட்டேன். எல்லாரையும் போவச் சொல்லுங்க."

எழுந்தால் பாய் தெரியும். தொடை எரிகிறது. நான் பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியம் பிடித்தது என்று நினைத்திருப்பார்கள். பிலோமினா அண்ணி வேகமாக வந்து என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கினதும் நின்றுவிட்டார். அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார்.

அப்போது நானே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்ல வைக்கப்பட்டேன் என்றுதான் நம்புகிறேன்.

"எனக்கு ஒண்ணுக்கு அடங்க மாட்டேங்குது. சின்னவன் பொறந்ததுலேருந்து. அதுக்குத்தான் ஊத்திக்கிட்டேன்."

சின்னப்பன் அண்ணன் வெளியே போனார். என் வீட்டுக்காரரையும் தோளில் தட்டிக் கூட்டிப்போனார். தரை பிளக்காதா என்று இருந்தது எனக்கு.

சவரியம்மா அக்காதான் முதலில் பேசினார்.

"அட போடி இவளே. நான் கோயில்ல கடைசி பெஞ்சில கதவோரமா ஒக்காருறது தாழ்ச்சியினாலன்னா நெனச்ச? பாதிப் பூசையில ஓடணும்டி எனக்கு. மூணு புள்ள பெத்தவ நான்."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள். உடனே காலைப் பின்னிக்கொண்டாள். "அக்கா, சிரிக்க வெக்காதீங்க, எனக்கும் வந்துடும்" என்றாள். அவள் பிள்ளைக்கு அப்போது நாலு மாசம்.

பிலோமினா அண்ணி என் சேலையை அவிழ்த்துக்கொண்டே தலையைக் குனிந்தபடி சொன்னார். "எனக்கும் இருமுனா வரும். ஒன்ன அன்னிக்கு அப்படிப் பேசிட்டேனே மேரி." அவர் கண்ணீர் என் கால்மேல் விழுந்தது. எரிந்த இடத்திலேயே விழுந்தது.

தனலட்சுமி, "எனக்கு இல்லப்பா. எங்கம்மாவுக்கு இருக்குது. அது செத்தாலும் வெளிய சொல்லாது" என்றாள்.

ரோஸி டீச்சர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிக் கொண்டுபோய்க் குழாயடியில் அலசிப் போட்டார்.

தொடையில் தோல் கொப்புளம் ஆனது. மறுநாள் ஞாயிறு. காலையில் வெளிச்சம் வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாள் கழித்து அவ்வளவு பக்கத்தில்.

"இதுக்காடி?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"நான் பீடி நாத்தம்னு நெனச்சேன். சூளையிலேருந்து வேர்த்துப்போயி வரேன், பீடி வேற. அதான் தள்ளிப் படுக்குறன்னு. பீடிய வுட்டுட்டேன். ஆறு மாசமாச்சி."

"சொல்லவே இல்லியே."

"நீ பக்கத்துல வந்தாதான தெரியும்?"

நான் வெட்கப்பட்டது உடம்புக்காக. உண்மையாக வெட்கப்பட வேண்டிய இடம் அந்தப் பெஞ்சுதான். ஒரு மனுஷன் எனக்காகப் பழக்கத்தை விட்டிருக்கிறார். அது தெரியாத தூரத்தில் நான் படுத்திருந்தேன்.

கொப்புளத்துக்கு மருந்து போட்டார்கள். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே டாக்டரம்மாவிடம் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. மறுநாள் பெண்கள் பிரிவில் பார்த்தார்கள். நீர்க்கடுப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த டாக்டரம்மா சொன்னது இது. "புள்ள பெத்தவங்களுக்கு இது நெறைய பேருக்கு வரும்மா. அதுக்காக இப்படியே கெடக்கணும்னு இல்ல. தண்ணி குடிக்காம இருந்தீங்கன்னா இன்னும் கெட்டுப்போவும்." பிறகு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மூத்திரத்தை அடக்குகிற சதையை இறுக்க வேண்டும், கொஞ்ச நேரம் பிடித்து விட வேண்டும். மூத்திரம் போகும்போது செய்யக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து, தினமும் மூன்று வேளை, மூன்று மாசமாவது விடாமல். தூசிக்கு மூக்கைக் கட்டு, கனத்தைக் குறை என்றார்.

அந்தத் திங்கள்தான் அவர் குஜராத் ரயில் ஏற வேண்டிய நாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பையைப் பிரித்தார். சட்டையைக் கொடியில் போட்டார். அவரோடு போக இருந்த கூட்டாளி தனியாகப் போனார். அன்று என் பாய் பழைய இடத்துக்கு வந்தது.

பயிற்சியில் எனக்கு எண்ணிக்கை தப்பியது. பிடித்தால் எவ்வளவு நேரம், விட்டால் எவ்வளவு நேரம், ஒன்றும் நிற்காது. ஜெபமாலையில் மணி பத்துப் பத்தாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. ஒவ்வொரு மணிக்கும் சொல்லுகிற 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதிக்குப் பிடித்தேன். பின் பாதிக்கு விட்டேன். சரியாக வந்தது. ஆனால் மனசு உறுத்தியது. மாதா ஜெபத்தோடு இதைச் செய்யலாமா? சவரியம்மா அக்காவிடம் கேட்டேன்.

"அந்த எடத்த மட்டும் வேற யாராவது படைச்சாங்களா?" என்றார். அன்றிலிருந்து அவரும் செய்கிறார். பிறகு ஸ்டெல்லா. பிறகு அண்ணி, கருவேப்பிலங்குறிச்சியில். இந்த அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் எங்கள் அன்பியத்தின் ஜெபம் மட்டும் ஏன் இவ்வளவு நிதானம் என்று சின்னப்பன் அண்ணன் கேட்டார். பக்தி முற்றிவிட்டது என்று அக்கா சொன்னார்.

எனக்கு முழுசாக நின்றுவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். பலமான இருமலுக்கு இன்னும் கொஞ்சம் வருகிறது. துணி வைத்துக்கொள்கிறேன், மாற்றிக்கொள்கிறேன். மடியில் மண் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். தொடைப் புண் ஆறிவிட்டது. பஸ்ஸில் உட்காருகிறேன். தண்ணீர் குடிக்கிறேன். பாட்டிலை அவர்தான் நிரப்பி வைக்கிறார். சாயந்திரம் பாட்டில் காலியா என்று தூக்கிப் பார்ப்பார். அஞ்சலை சொன்ன ஒரு பேச்சுக்குப் போன வாரம் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் பயந்துவிட்டாள்.

கோயில் பத்திரிகைக்கு இதை எழுதச் சொன்னது சவரியம்மா அக்கா. நான் எட்டாவது வரைதான் படித்தேன். எழுதுகிற கை இப்போதும் கூசுகிறது. கோயிலில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு இனிமேல் இது ஞாபகம் வரும். வரட்டும். நான் மூடச் சொல்லிக் கேட்டேன், ஆண்டவர் திறந்துவிட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த பதில். அவருக்கு நன்றி. என் வீட்டுக்காரருக்கும் நன்றி, இதை அவரிடம் நேரில் சொன்னது இல்லை.

சகோதரிகளே, உங்களில் யாராவது என்னை மாதிரி எதையாவது மேலே ஊற்றி மறைத்துக்கொண்டிருந்தால், முதலில் ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் அருவருக்க மாட்டார். பிறகு வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள். நீங்கள் ஒருத்தி மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து ரோஸி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தப் பயிற்சிய எனக்கும் சொல்லிக் குடு மேரி" என்றார்.

அன்று என் வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஆறு பேர்.

அதில் ஐந்து பேருக்கு.