பூவுக்காகக் கழற்றிய செருப்பு

இதை எழுத எனக்குச் சில வருஷமாகத் தயக்கம். பத்தாம் வகுப்போடு நின்றவள். என் காலுக்கு வந்ததை எழுதினால் சாமியைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்றும் பயம். சர்க்கரை உள்ள யாருக்காவது உதவட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

வீடு தென்காசியில். குற்றாலத்தில் சாரல் விழும்போதும் கடையம் போகிற வழியில் உள்ள செம்மண் பொட்டல் காய்ந்துதான் கிடக்கும். ஐப்பசி மழை பெய்துவிட்டால் அதில் கால் வைக்க இடமில்லாமல் பூ. போனில் படம் எடுத்து, செடிகளுக்கென்று உள்ள வாட்ஸ்அப் குழுவில் பேர் கேட்பேன். பூவை மட்டும் அனுப்பினால் போதாது, பக்கவாட்டிலும் இலையின் அடியிலும் எடுக்க வேண்டும் என்பார்கள். அப்படியே பழகிவிட்டேன்.

ஒருநாள் அங்கே விஷ்ணுகிராந்தி பூத்திருந்தது. தரையோடு ஒட்டிய சின்ன நீலப் பூ, பெருமாளுக்கு உகந்தது. அதன்முன் செருப்போடு நிற்க மனம் வரவில்லை. கழற்றிவிட்டுத்தான் படம் எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் படுக்கை விரிப்பில் ஈரக்கறை. என் வீட்டுக்காரர்தான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, நெருஞ்சி முள்ளு உள்ள ஏறிக் கெடக்கு."

"வலிக்கவே இல்லையே."

"ஊர்ல உள்ள பூவுக்கெல்லாம் பேரு கேக்குத. ஒங்காலு என்ன சொல்லுதுன்னு கேக்கலியே."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். தொட்டதே தெரியவில்லை. நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார். சுண்டுவிரலடியில் புண் ஆழமாக இருந்தது.

"தினமும் கட்டு மாத்தும்போது படம் எடுத்து அனுப்புங்கம்மா. கருத்துச்சுன்னா உடனே வரணும். விட்டா பாதத்தையே எடுக்க வேண்டி வந்துரும்."

செடியை எடுப்பதுபோலவே எடுத்தேன். மேலே, பக்கவாட்டில், அடியில். ஒருநாள் மேலே பார்க்கப் புண் நல்ல சிவப்பு. அடியில் எடுத்த படத்தில் மட்டும் விரலிடுக்கில் எள்ளளவு கறுப்பு. அனுப்பிய உடனே போன் வந்தது. கேங்கிரீன் (ரத்தம் போகாமல் சதை அழுகுவது). அன்றே சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

"மிச்சம் ஒம்பது இருக்கு. அதுகளுக்காவது செருப்பு போடு," என்றார் இவர். கட்டிலில் படுத்துக்கொண்டே சிரித்தேன். பிறகு அழுதேன்.

புண் மூட அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. இப்போதும் பொட்டலுக்குப் போகிறேன், வார் வைத்த செருப்போடு. செருப்போடுதான் நிற்பேன் என்று பெருமாளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். என் கால் எனக்குச் சேதி சொல்வதில்லை. ஆகவே விடிந்ததும் முதல் வேலை, தரையில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்ப்பது. அதன்பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும்.

போன வாரம் பக்கத்து வீட்டு மதினி கேட்டாள், "இத்தனை செடி பேரு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. எந்த இலைய அரைச்சுக் கட்டுனீங்க, சொல்லுங்க."

எந்த இலையும் கட்டவில்லை. இதைப் படிப்பவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். எழுதியபடியே அனுப்புங்கள். தயவுசெய்து ஒரு பச்சிலையின் பேரைக்கூட இதில் சேர்த்துவிடாதீர்கள்.