புருவத்துக்கு நடுவில் போட்ட ஊசி

என் பெண்டாட்டி திருப்பதியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் கவுண்டரில் நிற்கிறாள். நகரியிலிருந்து தினமும் பஸ். நான் இங்கே பவர்லூம் ஓட்டுகிறேன்.

அவள் புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு. வயசாக ஆக ஆழமாகிவிட்டது. சும்மா நின்றாலும் முறைக்கிற மாதிரி இருக்கும். கஸ்டமர் பயப்படுகிறார்கள், தீபாவளி முடிந்ததும் நீ குடோனுக்குப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார். குடோனில் சேலை மடிக்கிற வேலை. இவளுக்குச் சேலையைப் பிரித்துக் காட்டணும். அதில்தான் உயிர்.

"ஊசி போட்டா கோடு போயிடுமாம். போட்டுக்கப் போறேன்" என்றாள்.

"மூஞ்சிலயா?"

"பின்ன, முட்டிலயா?"

நானும் கூடப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. ஏமாற்றுவார் என்றுதான் நினைத்தேன். முறைக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், பென்சிலால் புள்ளி வைத்தார். கன்னத்துக்கும் போடலாமா என்று இவள் கேட்டாள். "கன்னம் நல்லா இருக்கும்மா, வேணாம்" என்றார். ஊசி குத்தும்போது இவள் முகம் சுளிக்கவில்லை. இன்றைக்கு முகத்தைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நலங்கு. எங்கள் தெருவில் நலங்கு முடிந்தால் பெண்கள் ஒருத்தி மூஞ்சியில் ஒருத்தி மஞ்சள் பூசி விளையாடுவார்கள். ஊசி விஷயம் யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டு மஞ்சளை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நெற்றியில் அழுத்தித் தேய்த்துவிட்டார்கள்.

சில நாளில் கோடு போனது. கூடவே இடது இமையும் தொங்கிவிட்டது.

"இன்னாமே, லீவு போடேன்."

"லீவு போட்டா குடோன்தான். வண்டிய எடு மாமா."

முதலில் டாக்டரிடம் போனோம். மஞ்சள் கதையைச் சொன்னாள். அவர் திட்டவில்லை.

"பரவாலேதம்மா. தேச்சதுல மருந்து இமைக்கு எறங்கியிருக்கு. கொஞ்ச வாரத்துல தானா ஏறிடும். வீட்ல ஃபங்ஷன் இருக்கான்னு நான்தான் கேட்டிருக்கணும்" என்று சொல்லி, கண்ணில் விட மருந்து எழுதினார். டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து அவளைக் கடையில் விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். முகூர்த்தச் சேலை எடுக்க ஒரு கூட்டம் வந்தது. கண்ணுக்கு என்ன என்று ஒரு அம்மா கேட்டேவிட்டாள். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். இவள் சேலையை விரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னாள்: அழகுக்கு ஊசி போட்டேன், மேலே மஞ்சள் தேய்த்தேன், ஒரு கண் தூங்கிவிட்டது, உங்களுக்குச் சேலை காட்ட இன்னொன்று முழித்துக்கொண்டிருக்கிறது. கூட்டமே சிரித்தது. எல்லாரும் சேலை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மா டாக்டர் எங்கே என்று விசாரித்தாள்.

இமை ஏறிவிட்டது. தீபாவளி போய்ப் பொங்கலும் வந்தது. குடோன் பேச்சே இல்லை.

மருந்து வேகம் குறைந்தால் கோடு திரும்ப வரும். வந்தது. மறுபடியும் போட்டுக்கொண்டாள். இந்த முறை தெருமுனையிலேயே கத்தினாள்.

"ஊசி போட்டுக்கினு வர்றேன். இன்னிக்கு எவளும் என் மூஞ்சில கை வைக்காதீங்கடி!"

"எங்களுக்குச் சொல்லாம தனியாப் போட்டுக்கினியாக்கா?" என்றாள் ஒருத்தி.

ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது, "நல்லா கீதுமே" என்றேன்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று முறைத்தாள். கோடு விழவில்லை.