குளத்துக்குப் போகவிருந்த சோப்புத் தண்ணீர்

தமிழும் இந்தியும் கலந்து பேசும் புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம் இருக்கிறது. அதில் முதன்முதலாக மீன்குஞ்சு விட்டேன். மறுநாளே பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளோடு குளத்தடிக்கு வந்தார். எனக்குக் கூச்சம், வாழை மறைவில் நின்றேன்.

ஒரு மாணவி இரண்டு பாட்டிலில் குளத்துத் தண்ணீர் மொண்டு, என்னையும் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“மீன்குஞ்சுக்கு இதுதான் சாப்பாடு, பாட்டி” என்றவள், ஒரு பாட்டிலில் மட்டும் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதில் துள்ளல் நின்றுவிட்டது.

“தேக்கோ பாட்டி, சப் கதம். ஒண்ணுகூட அசையல.”

சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாய்க்கால் நேராகக் குளத்துக்குத்தான் வரும்.

“செல்வி, ஊத்தாதே, ருக்கோ ருக்கோ” என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் துவைத்த தண்ணீர்த் தொட்டியைச் சாய்க்கப்போன கையோடு திகைத்து நின்றாள்.

“அத்தை, உங்களுக்கு இவ்வளவு சத்தம் வருமா?”

பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

அன்றே வாய்க்காலை மண்போட்டு அடைத்தோம். இப்போதெல்லாம் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய், தென்னைக்கு அப்பால் வெட்டிய குழியில்தான் கொட்டுகிறோம். கை வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மீன்களெல்லாம் விரல் நீளம் வளர்ந்துவிட்டன.